நடந்த தேதி, தெரிந்த தேதி

1815 ஜூன் 30. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே இருக்கும் சுந்தா நீரிணையில், ஆன்யர் என்ற சின்னத் துறைமுகத்துக்கு வெளியே, இரண்டு கப்பல்கள் எதிரெதிரே வருகின்றன. ஒன்று பீகாக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல். இன்னொன்று நாட்டிலஸ், கிழக்கிந்தியக் கம்பெனியுடையது, பீகாக்கைவிட ரொம்பச் சின்னது. நாட்டிலஸின் தலைவர் பாய்ஸ், நம் இரண்டு நாட்டுக்கும் சமாதானம் ஆகிவிட்டதே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்கிறார். பீகாக்கின் தலைவர் வாரிங்டனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இது தப்பிக்கப் பார்க்கும் தந்திரம் என்று நினைக்கிறார். சமாதானம் என்றால் முதலில் உன் கொடியை இறக்கு என்கிறார். பாய்ஸ் இறக்கவில்லை. கால் மணி நேரம் பீரங்கிச் சண்டை. நாட்டிலஸில் சிலர் செத்தார்கள், பாய்ஸுக்கு ஒரு கால் போயிற்று. அப்புறம் காகிதங்களைப் பார்த்துவிட்டு, சரி, சமாதானம் உண்மைதான் போலிருக்கிறது என்று கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பீகாக் தன் வழியே போய்விட்டது.

அமெரிக்காவும் பிரிட்டனும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அன்றைக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது.

இதைப் படித்த ராத்திரிதான் ஒரு பழைய நோட்டை எடுத்து, நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் 'நடந்த தேதி' என்றும் வலது பக்கம் 'தெரிந்த தேதி' என்றும் எழுதினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது ஐந்து மதிப்பெண் கேள்விகளாக. 1804 நெப்போலியன் பேரரசர், 1815 வாட்டர்லூ, அவ்வளவுதான். தேதிகள் மனப்பாடம் ஆயின, ஆனால் ஒவ்வொரு தேதியிலும் அது நடந்ததென்று ஊருக்கு ஒரு நாளாகத் தெரியவந்திருக்கும் என்ற சாதாரண விஷயம் மண்டையில் ஏறவே இல்லை. அந்த முப்பது நாற்பது வருஷத்தில் ராஜாக்கள் போனார்கள், புது நாடுகள் வந்தன, அடிமை வியாபாரம் சட்டப்படி நின்றது, உலகமே புரண்டது. ஆனால் அது புரண்டுவிட்டது என்ற செய்தி மட்டும் குதிரையின் காலிலும் பாய்மரத்தின் காற்றிலும்தான் போயாக வேண்டும். இந்த இரண்டு வேகத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் பாதி சரித்திரம் நடந்திருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பீகாக் சண்டையின் முன்கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய அந்தப் போருக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, நடுநிலை நாடுகளின் கப்பல் வியாபாரத்துக்குப் பிரிட்டன் போட்டிருந்த கட்டுப்பாடுகள். அவற்றை விலக்கிக்கொள்வதாக லண்டனில் நாடாளுமன்றத்தில் அறிவித்தது 1812 ஜூன் 16. வாஷிங்டனில் போர்ப் பிரகடனத்தில் அதிபர் மேடிசன் கையெழுத்துப் போட்டது ஜூன் 18. இரண்டே நாள் வித்தியாசம், நடுவில் அட்லாண்டிக். இதிலும் ஒரு உள்கதை உண்டு: மே 11 அன்று பிரிட்டிஷ் பிரதமர் பெர்சிவலை, அரசாங்கத்தின் மேல் சொந்தக் குறை வைத்திருந்த ஒரு வியாபாரி நாடாளுமன்ற முகப்பிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார். அந்தக் களேபரத்தில் பல வாரம் ஓடிவிட்டது. கொஞ்சம் முன்னாலேயே முடிவெடுத்து ஒரு வேகமான கப்பலில் அனுப்பியிருந்தால் போரே வந்திருக்காது என்று சொல்லுமளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. மாலுமிகளைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போவது மாதிரி வேறு சண்டைகளும் இருந்தன. ஆனாலும் அந்த இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

போரின் முடிவும் இதே கதைதான். 1814 டிசம்பர் 24 அன்று கென்ட் நகரில் (இப்போது பெல்ஜியம்) சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டிஷ் படை அமெரிக்க அரண்களை நோக்கி நேராக நடந்துபோய், தளபதி பாக்கன்ஹாமையும் இழந்து, சில மணி நேரத்துக்குள் செத்தவரும் காயம்பட்டவரும் பிடிபட்டவருமாக இரண்டாயிரம் பேரைத் தொலைக்கிறது. போர் முடிந்த பிறகு நடந்த போர் என்று இதைச் சொல்வார்கள், அது முழுக்கச் சரி இல்லை. அமெரிக்க செனட் ஒப்புதல் கொடுத்தது பிப்ரவரி 16, அதுவரை சட்டப்படி போர் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த வெற்றி ஆண்ட்ரூ ஜாக்சனைத் தேசத்தின் நாயகனாக்கி, 1829-ல் அதிபர் நாற்காலியிலும் கொண்டுபோய் உட்காரவைத்தது. சமாதானச் செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தால் ஜாக்சன் என்னவாகியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த இடம் இரண்டாவது பிரிவு. ஒப்புதல் ஆன நாளிலிருந்து எத்தனை நாள் கழித்துப் பிடித்த கப்பலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதில் கடல்வாரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கரையோரம் என்றால் 12 நாள். வட அட்லாண்டிக்கின் மற்றப் பகுதிகளுக்கு 30 நாள். பால்டிக், மத்தியதரைக் கடலுக்கு 40. இப்படியே தூரம் கூடக் கூடக் கெடுவும் கூடி, கடைசியில் 120 நாளில் போய் நிற்கிறது. அதாவது, சமாதானம் என்பது ஒரே நாளில் உலகம் முழுக்க வருவதில்லை, அலை மாதிரி பரவித்தான் வரும் என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு நாடும் ஒப்புதலைப் பரிமாறிக்கொண்ட பிப்ரவரி 17-லிருந்து எண்ணினால் 120 நாளும் ஜூன் 17-க்குள் முடிந்துவிடும். சுந்தா நீரிணையில் சுட்டுக்கொண்டது ஜூன் 30. உச்சபட்சக் கெடுவையும் தாண்டிய ஒரு சண்டை!

அந்த நீரிணைக்குக் கிழக்கே, அதே வருஷம் ஏப்ரலில், இதைவிடப் பெரிய ஒன்று நடந்திருந்தது. சும்பாவா தீவில் தம்போரா எரிமலை. ஏப்ரல் 5 சாயங்காலம் முதல் வெடிப்பு. ஹாலந்தை நெப்போலியன் விழுங்கிவிட்டதால் அதன் ஜாவாவைப் பிரிட்டிஷ்காரர்கள் 1811-ல் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ராஃபிள்ஸ் அங்கே துணை ஆளுநர். சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி இருந்த யோக்யகர்த்தாவில் வெடிச்சத்தம் கேட்டதும், பக்கத்துக் காவல்நிலையை யாரோ தாக்குகிறார்கள் என்று ஒரு படையை அனுப்பிவிட்டார்கள். கரையோரத்தில் இருந்தவர்கள், ஏதோ கப்பல் ஆபத்தில் மாட்டிக்கொண்டு பீரங்கி சுட்டு உதவி கேட்கிறது என்று படகுகளை அனுப்பினார்கள். மக்காசரில் இருந்த பெனாரஸ் என்ற கம்பெனிக் கப்பல் கடற்கொள்ளையர்களைத் தேடிப் புறப்பட்டது. எல்லாருக்கும் பீரங்கிதான் கேட்டிருக்கிறது. இருபது வருஷமாக உலகம் முழுக்கச் சண்டை நடந்துகொண்டிருந்தால் காது அப்படித்தான் பழகும்.

ஏப்ரல் 10 ராத்திரி பெருவெடிப்பு. 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் சுமத்ராவில்கூடக் கேட்டதாகப் பதிவு இருக்கிறது. ஒலியின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், அது அங்கே போய்ச் சேர இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே வேகமாகப் போன செய்தி அநேகமாக அதுதான், மனிதர் யாரும் அனுப்பாத செய்தி. கேட்ட அத்தனை பேரும் அதைத் தப்பாகவே படித்தார்கள். அப்புறம் சாம்பல் வந்து பகலை இருட்டாக்கியது.

நிவாரணத்துக்கு ராஃபிள்ஸ் அரிசியோடு அனுப்பியது ஓவன் ஃபிலிப்ஸ் என்ற அதிகாரியை. அவரிடம் அதே தீவில் இருந்த சங்கார் நாட்டு ராஜா நேரில் பார்த்ததைச் சொன்னார்: மலை உச்சியிலிருந்து மூன்று தீத்தூண்கள் கிளம்பி மேலே போய் ஒன்றாகக் கலந்தன என்று. அந்த ராஜாவின் சொந்த மகளே பட்டினியில் செத்துப்போயிருந்தாள். ராஜா வீட்டில் பட்டினிச் சாவு என்றால் மற்ற வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருஷம், 1816, ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கோடையே வரவில்லை. நியூ இங்கிலாந்தில் ஜூனில் பனி விழுந்தது. சுவிட்சர்லாந்திலும் தெற்கு ஜெர்மனியிலும் மழை விடாமல் பெய்து பயிர் அழுகி, 1817-ல் மக்கள் புல்லைத் தின்னும் நிலைமை வந்தது. அந்த மழையில் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோதுதான் மேரி ஷெல்லி பிராங்கன்ஸ்டைன் கதையை ஆரம்பித்தார் என்பதை எல்லாரும் ஆயிரம் தடவை சொல்லிவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை. என் அக்கறையெல்லாம் வலது பக்கக் கட்டத்தில். சூரியனில் கரும்புள்ளிகள் தெரிகின்றன, ஜூலை 18 அன்று சூரியன் அணைந்து உலகம் அழியும் என்று பொலோனாவிலிருந்து ஒரு ஜோசியம் கிளம்பி ஐரோப்பா முழுக்கக் கிலி பிடித்தது. எங்கோ கிழக்கில் வெடித்த மலைதான் தன் வயலைக் கெடுத்தது என்று ஒரு விவசாயிக்கும் தெரியாது. அதை விஞ்ஞானிகள் சரியாகச் சேர்த்துப் பார்க்க ஏறத்தாழ நூறு வருஷம் ஆயிற்று. நோட்டில் தம்போரா வரிசையில் இடது பக்கம் '1815 ஏப்ரல் 10' என்று இருக்கிறது, வலது பக்கம் ஒரு நூற்றாண்டு தள்ளி ஒரு கேள்விக்குறி.

செய்தி இவ்வளவு மெதுவாகப் போனால் அதை முந்திக்கொள்கிறவனுக்குக் காசு. பொய்யாகவே ஒரு செய்தியை உண்டாக்குகிறவனுக்கு இன்னும் காசு. 1814 பிப்ரவரி 21, நள்ளிரவு தாண்டிய நேரம், டோவர் துறைமுகத்தில் சிவப்பு ராணுவ உடையில் ஒருவர் விடுதிக் கதவைத் தட்டி, நெப்போலியனைக் கோசாக் வீரர்கள் வெட்டிப் போட்டுவிட்டார்கள், பாரிஸ் விழுந்துவிட்டது என்கிறார். தன் பெயர் கர்னல் டு பூர்க் என்கிறார். பக்கத்தில் டீல் என்ற இடத்தில் இருந்த கடற்படைத் தளபதிக்கு இதையே ஒரு கடிதமாக எழுதி அனுப்புகிறார். திட்டம் என்னவென்றால், தளபதி அதைக் குன்றுத் தந்தியில் லண்டனுக்கு அனுப்பிவிடுவார், அரசாங்கமே சொன்ன செய்தியாகிவிடும். அந்தத் தந்தி எப்படி என்றால், குன்றுக்குக் குன்று ஒரு மரச்சட்டம், அதில் ஆறு பலகைகள், அவற்றைத் திறந்தும் மூடியும் எழுத்துக்களைக் காட்டுவார்கள், அடுத்த குன்றில் இருப்பவர் தொலைநோக்கியில் பார்த்துத் தானும் அப்படியே காட்டுவார். நல்ல வெயில் நாளில் நிமிஷக்கணக்கில் செய்தி லண்டன் போய்விடும்.

அன்றைக்கு மூடுபனி. ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்று தெரியவில்லை.

கர்னல் அசரவில்லை. வண்டி பிடித்து, வழியெல்லாம் வண்டிக்காரர்களுக்கு நெப்போலியன் தலை பதித்த தங்கக் காசுகளையே கூலியாகக் கொடுத்து, அவர்கள் வாயாலேயே செய்தியைப் பரப்பிக்கொண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தார். இன்னொரு பக்கம், பிரெஞ்சு அதிகாரிகள் மாதிரி வேஷம் போட்ட கூட்டாளிகள் இலைதழை கட்டிய வண்டியில் நகரத்துக்குள் துண்டுக்காகிதங்களை வீசிக்கொண்டு போனார்கள். அரசுக் கடன் பத்திரங்களின் விலை விறுவிறுவென்று ஏறியது, வைத்திருந்தவர்கள் விற்றார்கள், சாயங்காலத்துக்குள் பொய் என்று தெரிந்து விலை சரிந்தது. அந்தச் சிவப்புச் சட்டையைத் துண்டு துண்டாக வெட்டித் தேம்ஸ் நதியில் போட்டிருந்தார்கள். அதையும் ஆற்றில் இருந்த ஒரு ஆள் மேலே இழுத்துவிட்டார்! உடை தைத்தவரைப் பிடித்து, உடுத்தியவரையும் பிடித்தார்கள். டி பெரென்ஜர் என்ற ஆள்.

இந்த வழக்கில் மாட்டியவர்களில் ஒருவர் கோக்ரேன் பிரபு, பிரிட்டிஷ் கடற்படையில் அன்றைக்கு இருந்த அதிசாகசமான கப்பல் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. டி பெரென்ஜர் லண்டன் வந்ததும் நேராகப் போனது அவர் வீட்டுக்குத்தான், அன்றைக்குக் கோக்ரேனின் பத்திரங்களும் விற்கப்பட்டிருந்தன. அவருக்கு உண்மையில் பங்கு இருந்ததா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு என்னவோ, திட்டம் போட்டவர் அவருடைய சித்தப்பா, இவர் முரட்டுத்தனத்தில் மாட்டிக்கொண்டார் என்றுதான் படுகிறது. கடற்படை அவரைத் துரத்தியது, நாடாளுமன்றம் துரத்தியது (வாக்காளர்கள் உடனே திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள், அது வேறு விஷயம்), விருதைப் பறித்தார்கள், சிறையில் போட்டார்கள். அவர் சிறையிலிருந்து கயிறு கட்டித் தப்பியும் பார்த்தார். அப்புறம் என்ன ஆனது என்பதுதான் முக்கியம். 1818-ல் சிலிக்குப் போய்ப் புதுக் கடற்படைக்குத் தலைமை ஏற்றார், 1820-ல் ஸ்பெயினின் வால்டிவியா கோட்டையைப் பிடித்தார், விடுதலைத் தளபதி சான் மார்ட்டினின் படையைப் பெருவுக்குக் கப்பலில் கொண்டுபோனார். பிறகு பிரேசிலின் விடுதலைப் போரில், அதற்கும் பிறகு கிரேக்கர்களுக்காக. ஒரு பொய்ச் செய்தியும் ஒரு மூடுபனிக் காலையும் சேர்ந்து தென் அமெரிக்காவுக்கு ஒரு கடற்படைத் தலைவரைக் கொடுத்துவிட்டன. இதைப் பாடப் புத்தகத்தில் போட்டால் நான் இன்னும் கொஞ்சம் ஒழுங்காகப் படித்திருப்பேன்.

அதே 1814 நவம்பர் 29 அன்று லண்டன் டைம்ஸ் பத்திரிகை முதல் தடவையாக நீராவி அச்சு இயந்திரத்தில் அச்சானது. கோனிக் என்ற ஜெர்மானியர் செய்தது, மணிக்கு 1,100 தாள். தொழிலாளிகள் உடைத்துவிடுவார்களோ என்று பயந்து ரகசியமாக வேறு கட்டடத்தில் நிறுவி, காலையில் அச்சான தாளைக் கையில் கொண்டுவந்து காட்டினார்களாம். செய்தி வந்து சேர்வது அதே பழைய மாட்டு வேகம், வந்த பிறகு பெருகுவது மட்டும் புது வேகம். புரளிக்கு இதைவிட நல்ல காலம் வேறு வாய்த்திருக்காது.

பத்திரிகை என்றதும் கராகஸ் ஞாபகம் வருகிறது, இன்றைய வெனிசுலாவின் தலைநகர், அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த ஊர். 1808 மே மாதம் பயோன் நகரில் நெப்போலியன் ஸ்பெயினின் பழைய ராஜாவையும் அவர் மகனான புது ராஜா ஃபெர்டினாண்டையும் மிரட்டி முடியைத் துறக்கவைத்து, தன் அண்ணன் ஜோசப்பை ராஜாவாக்கினார். ஜூலை தொடக்கத்தில் டிரினிடாட் வழியாக லண்டன் டைம்ஸ் இதழ்கள் சில கராகஸ் ஆளுநரிடம் வந்து சேர்கின்றன. ஆங்கிலம் தெரிந்த அரசாங்க குமாஸ்தா ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுக்கிறார்கள். அந்த குமாஸ்தா ஆந்திரேஸ் பெல்லோ, பின்னாளில் ஸ்பானிய அமெரிக்காவின் மிகப் பெரிய அறிஞர், அப்போது வயது இருபத்தாறு. ராஜா முடி துறந்துவிட்டார் என்று அவர் படித்துச் சொன்னால் மேலதிகாரிகள் நம்பவில்லை, இங்கிலீஷ்காரன் புளுகு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஜூலை நடுவில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து, ஆமாம், இனிமேல் ஜோசப்தான் ராஜா என்றது. அதே நாளில் பின்னாலேயே ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து, அதெல்லாம் இல்லை, ஸ்பெயின் மக்கள் நெப்போலியனுக்கு எதிராகக் கிளம்பிவிட்டார்கள் என்றது. ஒரே துறைமுகம், ஒரே நாள், இரண்டு உண்மை. ஊர் ஜனம் தெருவுக்கு வந்து ஃபெர்டினாண்டு வாழ்க என்று கத்தியது. கவனியுங்கள், அவர்கள் அன்றைக்கு ராஜாவுக்கு எதிராகக் கத்தவில்லை, ராஜாவுக்காகக் கத்தினார்கள். ஆனால் எந்த ராஜா என்பதைத் தெருவே முடிவு செய்யலாம் என்று ஆகிவிட்டது பாருங்கள், அதற்கப்புறம் பழைய நிலைமைக்குத் திரும்புவது நடக்கிற காரியமா?

இரண்டு வருஷம் கழித்து, ஸ்பெயினின் தெற்குப் பகுதியும் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது என்ற செய்தி வந்ததும், 1810 ஏப்ரல் 19, புது ஆளுநர் எம்பரான் மாடத்தில் வந்து நின்று, நான் ஆள்வதில் உங்களுக்குச் சம்மதமா என்று கூட்டத்தைக் கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற மதாரியாகா என்ற பாதிரியார், வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கூட்டத்துக்கு ஜாடை காட்டினார். வேண்டாம் என்றது கூட்டம். எனக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எம்பரான் இறங்கிப் போனார். போனஸ் அயர்ஸில் அடுத்த மாதம் இதே செய்தி வேறொரு கப்பலில் வந்து அங்கேயும் அரசாங்கம் கவிழ்ந்தது. செப்டம்பரில் மெக்சிகோ. ஸ்பெயினின் பேரரசு மேப்பில் பார்த்தால் ஒரே நிறம்தான், உள்ளே ஒவ்வொரு ஊரும் வேறு வேறு மாதத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது.

வேலூரும் நோட்டில் இருக்கிறது. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். செய்தியைக் கொண்டு ஒருவர் குதிரையில் ஆற்காட்டுக்குப் பறந்தார், 16 மைல். கில்லெஸ்பி குதிரைப்படையோடு அன்று காலையிலேயே வந்துவிட்டார், மத்தியானத்துக்குள் எல்லாம் அடக்கப்பட்டது, நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். 16 மைல் செய்திக்குச் சில மணி நேரம். அதே செய்தி லண்டன் போய், அங்கே கூடிப் பேசி, சென்னை ஆளுநர் பென்டிங்க்கைத் திரும்பி வா என்று சொல்வதற்கு 1807 ஆகிவிட்டது. அடக்குவதற்கு ஒரு காலை, பதில் சொல்ல வைப்பதற்கு ஒரு வருஷம்.

நெப்போலியனுக்கே இந்தக் கணக்கு பொருந்தியது. செயின்ட் ஹெலினாவில் அவர் செத்தது 1821 மே 5, லண்டனுக்குத் தெரிந்தது ஜூலை 4. அந்த இரண்டு மாதமும் ஐரோப்பா ஒரு செத்த மனிதரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது. செய்தி வந்தபோது, இது இனிமேல் ஒரு சம்பவம் இல்லை, வெறும் செய்திதான் என்று அவருடைய பழைய வெளியுறவு அமைச்சர் தாலேரான் சொன்னதாகச் சொல்வார்கள். உண்மையிலேயே சொன்னாரோ இல்லையோ, என் நோட்டின் அட்டையில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த இடைவெளியை எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர்கள் கரீபியத் தீவுகளின் அடிமைகள் என்று தோன்றுகிறது. படிப்பு மறுக்கப்பட்டவர்கள், ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கியது அவர்கள், எஜமானர் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் நின்றது அவர்கள். 1802-ல் நெப்போலியனின் பெரும்படை இப்போதைய ஹைட்டிக்கு வந்து, தலைவர் துசான் லுவெர்த்யூரை வஞ்சகமாகப் பிடித்துப் பிரான்சுக்கு ஏற்றியும் விட்டது. உங்களைத் திரும்ப அடிமையாக்க மாட்டோம் என்று சத்தியம் வேறு. அப்போது பக்கத்துக் குவாடலூப்பில் அடிமைமுறை திரும்ப வந்துவிட்டது என்ற செய்தி கடல் தாண்டி வந்தது. அவ்வளவுதான். பிரெஞ்சுப் படையில் சேர்ந்திருந்த கறுப்புத் தளபதிகளே அக்டோபரில் திரும்பி நின்றார்கள். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா, நான் தயாராகும்வரை அவர்கள் பயப்படும்படி எதையும் செய்யாதீர்கள் என்றேனே என்று தளபதி லெக்லேர்க் நெப்போலியனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அவர் மஞ்சள் காய்ச்சலில் செத்தார், 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி தனி நாடு. ஹைட்டி கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் லூசியானாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நெப்போலியன் 1803-லேயே அதை ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் தள்ளிவிட்டிருந்தார்.

அப்புறம் கரீபியப் பக்கம் பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்த இடங்கள். 1816 ஏப்ரலில் பார்படாஸில் எழுச்சி: லண்டன் நமக்கு விடுதலை கொடுத்துவிட்டது, முதலாளிகள் மறைக்கிறார்கள் என்ற பேச்சிலிருந்து. 1823 ஆகஸ்டில் டெமராராவில் (இன்றைய கயானாவில் இருக்கிறது) அதே பேச்சு. இந்தத் தடவை அதில் பாதி உண்மை. அடிமைகளை நடத்தும் முறையைத் திருத்தச் சொல்லி லண்டனிலிருந்து ஒரு கடிதம் நிஜமாகவே ஜூலையில் வந்திருந்தது, ஆளுநர் அதை வெளியில் சொல்லாமல் வைத்திருந்தார். வீட்டு வேலைக்காரர்கள் காதில் அரைகுறையாக விழுந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் எழுந்தார்கள், வெள்ளையரில் செத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், அடிமைகளில் நூற்றுக்கணக்கானவர்கள். அவர்களுக்குப் பாடம் சொன்ன ஸ்மித் என்ற பாதிரியாருக்கு மரண தண்டனை விதித்தார்கள். லண்டனில் ராஜா தண்டனையை ரத்துசெய்தார், ஆனால் கடிதம் கடல் தாண்டி வந்து சேர்ந்தபோது ஸ்மித் சிறையிலேயே காசநோயில் செத்து வாரங்கள் ஆகியிருந்தன. 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்கா, சாமுவேல் ஷார்ப். எழுதப் படிக்கத் தெரிந்த அடிமை, கையில் கிடைக்கும் பத்திரிகைகளைப் படித்து மற்றவர்களுக்குச் சொன்னவர். விடுதலை வந்துவிட்டது, நம்மிடம் மறைக்கிறார்கள் என்று அவரும் நம்பினார். 1832 மே மாதம் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1833 ஆகஸ்ட். நடைமுறைக்கு வந்தது 1834 ஆகஸ்ட் 1. 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் இன்னும் சம்பளமில்லாத வேலை வாங்கி, முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1. நஷ்ட ஈடு இரண்டு கோடி பவுண்டு, அதுவும் முதலாளிகளுக்கு.

நோட்டில் பார்படாஸ், டெமராரா, ஜமைக்கா வரிசைகளை நிரப்பும்போது முதலில் ஏதோ மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைத்து அடிக்கப் போனேன். மற்ற எல்லா வரிசையிலும் வலது பக்கத்துத் தேதி பிந்தியது, இடது பக்கத்தது முந்தியது. இந்த மூன்றில் மட்டும் தெரிந்த தேதி 1816, 1823, 1831. நடந்த தேதி 1838.